பனி காய வைக்கும், காற்று கொளுத்தும்: ஹைவெல்ட் மேட்டில் வசந்தகாலம்

தென்னாப்பிரிக்காவில் செப்டம்பர் 1ஆம் தேதி வசந்தம் பிறந்ததாகக் கணக்கு. கடைகளில் பூச்செடிகளை வெளியே எடுத்து வைப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் தலையில் பூ வைத்துக்கொண்டு போவார்கள். ஆனால் ஹைவெல்ட் என்னும் இந்த மேட்டுப் புல்வெளியில், ஜோகனஸ்பர்க்குக்குத் தெற்கே, இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் லெனேசியாவைத் தாண்டி எங்களைப் போலக் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு, ஆகஸ்ட் நடுவிலிருந்து முதல் நல்ல மழை வரைக்கும் உள்ள வாரங்கள்தான் வருடத்திலேயே கண்ணில் தூக்கம் குறைந்த காலம். பகலில் 25 டிகிரி அடிக்கும். விடியற்காலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ஏப்ரலுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளும்படி மழையே இருக்காது. மதிய நேரத்தில் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். உதடு வெடிக்கும், குழந்தைகளுக்கு மூக்கில் ரத்தம் வரும், கம்பளியைத் தொட்டால் ஷாக் அடிக்கும்.

இங்கே புதிதாக நிலம் வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது கூடி வருகின்றன. ஐடி வேலைக்கு மிட்ராண்ட் பக்கம் வந்தவர்கள், கடை வைத்தவர்கள், லெனேசியாவிலேயே தலைமுறையாக இருந்துவிட்டுக் கொஞ்சம் திறந்த வெளி வேண்டும் என்று வெளியே வருகிறவர்கள். எல்லோரும் முதலில் கேட்பது போர் தண்ணீரைப் பற்றி, அடுத்தது திருட்டைப் பற்றி. உறைபனியையும் தீயையும் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். பல வருடம் இந்த மண்ணில் இருந்துவிட்டு நான் உறுதியாகச் சொல்ல விரும்புவது, இங்கே இவை இரண்டும் ஒரே விஷயம் என்பதுதான். ஒன்றுக்காகச் செய்யும் வேலை இன்னொன்றுக்கு உதவும், அல்லது இன்னொன்றைக் கெடுக்கும். அதைப் புரிந்துகொண்டு செய்தால் வேலையும் பாதியாகும், தண்ணீரும் மிஞ்சும்.

எனக்குச் சொந்த ஊர் தேனி மாவட்டம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீ வந்ததே, அந்தப் பக்கத்துச் சரிவுகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். அங்கே புல்லைக் காய வைப்பது வெயில். இங்கே காய வைப்பது பனி. ஜோகனஸ்பர்க் கிட்டத்தட்ட 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏறக்குறைய நம் குன்னூர் உயரம். கோடையில், அதாவது அக்டோபரிலிருந்து மார்ச் வரை, இடியுடன் மழை கொட்டும். புல் இடுப்பளவு, ஆளுயரம் என்று வளரும். மே மாதத்தில் முதல் தடவை உறைபனி விழுந்ததும் அந்தப் புல்லின் மேல்பகுதி முழுக்கச் செத்துவிடும். வேர் உயிரோடு இருக்கும், மேலே நிற்பது வெறும் வைக்கோல். அதற்குப் பிறகு மூன்று நான்கு மாதம் ஒரு சொட்டு மழை இல்லாமல் அது நின்றுகொண்டே காயும். ஆகஸ்டில் காற்று ஆரம்பிக்கும்போது ஒரு பொறி போதும். பனி அதிகமாக விழுந்த வருடம் புல் சீக்கிரமாகவும் முழுசாகவும் காயும். கோடையில் மழை நன்றாகப் பெய்திருந்தால் புல்லும் அதிகம், எரிபொருளும் அதிகம். அதனால்தான் நல்ல மழை பெய்த வருடத்தில் இங்கே அனுபவசாலிகள் கூடுதலாகக் கவலைப்படுவார்கள்.

எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் ஒரு பெரியவர். இங்கத்திய வழக்கப்படி எல்லோருக்கும் அவர் அங்கிள், அவர் வீட்டம்மா ஆன்ட்டி. 1860க்குப் பிறகு நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழி. அவருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, பேச்சிலும் ஆங்கிலம்தான் முக்கால்வாசி. ஆனால் என்னை "அம்மா" என்றும் என் வீட்டுக்காரரைத் "தம்பி" என்றும் கூப்பிடுவதை விடமாட்டார். நெருப்பைப் பற்றி நான் கற்றது பெரும்பாலும் அவரிடம்தான். நேட்டாலில் கரும்பு வெட்டுவதற்கு முன் சோகையைக் கொளுத்துவார்கள். அவருடைய அப்பா அந்த வேலை செய்தவர். எந்த நேரத்தில் கொளுத்துவது, காற்றுக்கு எதிராக எப்படிக் கொளுத்துவது, எரிந்து முடிந்த பக்கமாக எப்படி நிற்பது என்பதெல்லாம் அந்தக் குடும்பத்தில் கைமாறி வந்த அறிவு. அதற்கு நான் பெரிய மரியாதை வைத்திருக்கிறேன். அதை யாரும் எழுதி வைக்கவில்லையே என்ற ஏக்கமும் இதை எழுத ஒரு காரணம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் கவனிக்க வேண்டியது வானிலைச் செய்தியில் கேப் டவுன் பக்கம் என்ன நடக்கிறது என்பதை. அங்கே ஒரு குளிர்முகப்பு, அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, கரையேறுகிறது என்றால் எங்களுக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் வேலை நிச்சயம். முகப்பு எங்களை எட்டுவதற்கு முன்னால் வடமேற்கிலிருந்து வறண்ட, ஓரளவு சூடான காற்று வேகமாக வீசும். தீக்கு ஏற்ற நாள் அதுதான். நேட்டால் பக்கம் இதே சமயத்தில் மேட்டு நிலத்திலிருந்து கடற்கரைக்கு இறங்கும் காற்று இறங்க இறங்கச் சூடேறி அனலாக வீசும், அதை அங்கே பெர்க் காற்று என்பார்கள். முகப்பு கடந்ததும் காற்று தென்மேற்குக்குத் திரும்பிவிடும், திடீரென்று குளிரும். அதற்கடுத்து காற்று அடங்கி வானம் தெளிந்த இரவில் உறைபனி. ஆக, திங்கட்கிழமை மதியம் தீயை நினைத்துப் பயந்தவர் புதன்கிழமை இரவு பீச் பூவை நினைத்துப் பயப்பட வேண்டியிருக்கும்.

காற்று திரும்புவதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. வடமேற்குக் காற்றில் எரியும் தீ தென்கிழக்கு நோக்கி நீளமாக ஓடும். முன்னால் ஓடுவது தலை, இரண்டு பக்கமும் விலா. காற்று தென்மேற்குக்கு மாறியதும், அதுவரை சாதுவாக ஊர்ந்துகொண்டிருந்த வடகிழக்கு விலா முழுவதும் ஒரே நொடியில் தலையாகிவிடும். அகலமான தலை. அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் ஓட நேரமிருக்காது. அங்கிள் எப்போதும் சொல்வது, "முன்னாடி போகாதே, வடகிழக்குப் பக்கத்தை முதலில் அணை." முகப்பு எப்போது வரும் என்று செல்போனில் பார்த்து, அதற்குள் அந்த விலாவை அணைத்துவிட வேண்டும்.

இதை நான் கண்ணால் பார்த்தது ஓர் ஆகஸ்ட் கடைசியில். தார் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆளில்லாத நிலம், கூரை வேயும் புல் தலைக்கு மேல் நின்றது. மதியம் புகை கிளம்பியதும் ரோடு தடுத்துவிடும் என்று நம்பினோம். அந்தக் காற்றுக்கு ரோடு ஒரு பொருட்டே இல்லை. யூகலிப்டஸ் மரத்துப் பட்டைகள் பற்றிக்கொண்டு பறந்து வந்து இந்தப் பக்கம் விழுந்தன. ப்ளூகம் என்று இங்கே சொல்லும் அந்த மரத்தின் இலையில் எண்ணெய், உரியும் பட்டை காற்றில் மிதக்கும் கொள்ளி. வேலி ஓரத்தில் காற்றுத் தடுப்புக்காக அதை வரிசையாக வைத்திருப்பவர்கள் அடியில் சேரும் பட்டையையும் இலையையும் ஜூலைக்குள் அள்ளிவிட வேண்டும். அவசர எண்ணுக்கு அழைத்தோம். அன்று தெற்குப் பக்கம் பல இடத்தில் எரிந்துகொண்டிருந்ததால் வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இது யாரையும் குறை சொல்வதற்காக இல்லை. காற்றடிக்கும் நாளில் தீயணைப்பு வண்டியை நம்பி நிலம் வைத்திருக்க முடியாது, முதல் அரை மணி நேரம் நாமும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான்.

எங்களைக் காப்பாற்றியது எல்லை ஓரத்தில் வாரி வழித்து வைத்திருந்த வெறும் மண் பட்டை. தலைக்கு மேல் எழுந்து வந்த தீ அதை எட்டியதும் முழங்கால் அளவுக்கு விழுந்தது. அங்கே வைத்துத்தான் அடித்தோம். நீளமான கம்பு நுனியில் தடித்த ரப்பர் பட்டை பூட்டிய தீயடிப்பான், நனைத்த சாக்கு, முதுகில் மாட்டும் தெளிப்பான், அங்கிளின் பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றிய தண்ணீர்த் தொட்டியும் பெட்ரோல் பம்பும். இப்படித் தொட்டி ஏற்றிய வண்டியை இங்கே செல்லமாக பக்கி சக்கி என்பார்கள். கிராமத்தில் ட்ராக்டர் இருப்பதுபோல நிலம் வைத்திருக்கும் நாலு வீட்டுக்கு ஒன்றாவது அது இருக்க வேண்டும். தலைப்பக்கம் யாரையும் அங்கிள் விடவில்லை. எரிந்து கருகிய தரையில் நின்று, விலாவை ஓரமாகவே அடித்துக்கொண்டு போனோம். கருகிய பக்கம் நிற்பவனைத் தீ திரும்பி வந்து பிடிக்காது, எரிய அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அடிக்கும்போது ஓங்கி அடிக்கக் கூடாது, பொறி பறக்கும். அமுக்கி இழுத்து மூச்சடைக்க வைக்க வேண்டும். மாலையில் காற்று திரும்பியபோது வடகிழக்குப் பக்கம் ஏற்கெனவே கறுத்திருந்தது.

அன்றைக்கு உடுப்பைப் பற்றியும் ஒன்று கவனித்தேன். உதவிக்கு ஓடி வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் பாலியெஸ்டர் ட்ராக் சூட்டில் இருந்தார்கள். அது பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆன்ட்டி அவர்களைத் தீப்பக்கம் விடாமல் தண்ணீர் நிரப்பும் வேலைக்கு அனுப்பினார், அது மிகச் சரி. பருத்திச் சட்டை, ஜீன்ஸ், தோல் ஷூ, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு நனைத்த துணி. சேலையிலும் நைட்டியிலும் யாரும் தீக்கிட்டே போகவே கூடாது. ஒரு பையில் இவற்றை மடித்துக் கதவருகே தொங்கவிட்டால் தேட வேண்டியதில்லை.

தீ அணைந்த பிறகு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவதுதான் நிறையப் பேர் செய்வது. காய்ந்த மாட்டுச் சாணம், வேலிக் கம்பம், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, இவை இரவெல்லாம் கனன்றுகொண்டிருக்கும். வேர் வழியாக மண்ணுக்கடியில் போன கனல் மறுநாள் மதியம் காற்று எழும்பும்போது வேறோர் இடத்தில் எட்டிப் பார்க்கும். எரிந்த ஓரத்தை முழுக்கச் சுற்றி வந்து, புறங்கையைத் தரைக்கு அருகே நீட்டிச் சூடு பார்த்து, சந்தேகப்பட்ட இடத்தைக் கொத்தித் தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட வேண்டும். அப்புறம் பாம்பு. எரிந்த புல்லிலிருந்து தப்பி வரும் ரிங்கல்ஸ் பாம்பு வீட்டுத் திண்ணையையும் கொட்டகையையும்தான் தேடி வரும். அது கண்ணைப் பார்த்து விஷத்தைப் பீய்ச்சும் வகை. டார்ச்சும் பூட்ஸும் இல்லாமல் அந்த இரவில் நடக்க வேண்டாம்.

அந்த வாரமே உறைபனியும் விழுந்தது. கீழ்ச்சரிவில் புல்லுக்கு நடுவே நின்ற பீச் மரங்களில் பூ முழுக்கப் பழுப்பாகிவிட்டது. வழித்து வைத்த மண் பட்டையை ஒட்டி மேலே நின்ற மரங்களில் பெரும்பாலான பூ தப்பியது. சரிவும் ஒரு காரணம்தான், குளிர்ந்த காற்று கனமானது, அது தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும். ஆனால் மண்ணுக்கும் பங்குண்டு. வெறும் மண், அதுவும் கொஞ்சம் ஈரமான மண், பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல விடும். காய்ந்த புல்லோ வைக்கோல் மூடாக்கோ போர்த்திய தரையில் அந்தச் சூடு மண்ணுக்குள் போகவும் செய்யாது, வெளியே வரவும் செய்யாது. அதன் மேலே உள்ள காற்று இன்னும் குளிரும். ஊரில் மூடாக்கைப் பற்றி எவ்வளவு நல்லது கேட்டிருக்கிறோமோ அதெல்லாம் கோடைக்குச் சரி. ஹைவெல்டில் ஆகஸ்டில் மரத்தடியில் வைக்கோல் மூடாக்கு என்றால் பனிக்கும் உதவாது, தீக்குக் கம்பளம் விரித்ததாகும். நாங்கள் இப்போது ஜூன் மாதமே மூடாக்கை அள்ளிக் குழியில் போட்டு நனைத்து மக்க வைத்துவிடுகிறோம். மழை வந்ததும் திருப்பிப் போடுவோம்.

இதே கணக்கில் இன்னொன்று. வீட்டையும் காய்கறிப் பாத்தியையும் சுற்றி ஒரு பச்சை வளையம் வைத்திருக்கிறோம்: பாலக், முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு, வெந்தயக் கீரை. இவை பனியைத் தாங்கும், ஈரம் இருப்பதால் தீயும் பிடிக்காது. போர் தண்ணீர் குறைவாக இருக்கும் காலத்தில் நிலம் முழுவதும் தெளிப்பதைவிட அந்த வளையத்துக்கு மட்டும் மதியத்துக்குள் பாய்ச்சிவிடுவது மேல். ஈரமான மண் இரவில் கூடுதல் சூட்டை வைத்திருக்கும். ஒரே தண்ணீர், இரண்டு வேலை. கிகுயு புல்தரையைப் பச்சையாக வைக்கத் தண்ணீரைக் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது எப்படியும் பனியில் பழுப்பாகும், ஒட்ட வெட்டி வாரி வைத்தால் தீ அதில் பெரிதாக எழாது.

உறைபனி எந்த இரவில் விழும் என்பதைக் கண்டுபிடிக்கக் குறைந்தபட்ச வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது. செய்தியில் சொல்வது தரையிலிருந்து ஆள் மார்பளவு உயரத்தில், கூண்டுக்குள் இருக்கும் மானியின் அளவு. தரையோடு ஒட்டிய புல் மட்டத்தில் அதைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாக இருக்கும். செய்தியில் 3 டிகிரி என்றால் என் பாத்தியில் பனி என்றே வைத்துக்கொள்கிறேன். மாலையில் பனிநிலையைப் பாருங்கள், எந்தச் சூட்டில் காற்றின் ஈரம் பனித்துளியாகும் என்ற எண் அது. பெரும்பாலான வானிலைச் செயலிகளில் இருக்கும். அது பூஜ்யத்துக்குக் கீழே இருந்து, சூரியன் சாயும்போது காற்று அடங்கி, வானத்தில் மேகமில்லை என்றால் மூட வேண்டியதுதான். ரொம்ப வறண்ட இரவில் வெள்ளையாகப் பனிப்படிகமே தெரியாது. காலையில் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் இருக்கும், பத்து மணிக்கு இலை கறுத்துத் தொங்கும். அதைக் கரும்பனி என்கிறார்கள், வெண்பனியைவிட மோசம். பனித்துளி உறையும்போது வெளிவிடும் கொஞ்சச் சூடு கூட அந்த இரவில் செடிக்குக் கிடைப்பதில்லை.

மூடுவதிலும் முறை உண்டு. இலையை உடுப்பால் சுற்றிக் கட்டினால் பயனில்லை, செடிக்குச் சூடு கிடையாது, சூடு மண்ணில்தான். அதனால் துணி தரை வரை விழுந்து ஓரத்தில் மண்ணோ கல்லோ வைத்து அமுக்க வேண்டும். சூரியன் மறைவதற்கு முன்பே மூட வேண்டும். பிளாஸ்டிக் தாள் இலையில் பட்டால் பட்ட இடம் கருகும், நடுவில் குச்சி நட்டு உயர்த்த வேண்டும். நாற்றுப் பண்ணைகளில் வெள்ளையாக மெல்லிய உறைபனித் துணி விற்கிறார்கள், அது நல்லது. ஆனால் அது நெருப்பில் உருகி எரியும், ஆகவே காலையில் வெயில் வந்ததும் எடுத்துச் சுருட்டி உள்ளே வைத்துவிடுகிறோம். பகல் முழுக்கச் செடி மேல் அது படபடத்துக்கொண்டு கிடந்தால், காற்றில் வரும் ஒரு பொறிக்கு அதுவே திரி.

நிறையப் பேர் கேட்பது, இரவில் குப்பையைக் கொளுத்திப் புகை போட்டால் பனி விழாதே என்று. வேண்டவே வேண்டாம். புகை பனியைத் தடுப்பதில்லை, தரை விடும் சூட்டை அது பிடித்து வைக்காது. கொஞ்சம் உதவுவது நெருப்பின் சூடுதான், அதற்கு நிலம் முழுக்கச் சின்னச் சின்ன அடுப்பு வேண்டும். காய்ந்த புல்லுக்கு நடுவே அது தற்கொலை. அதோடு சட்டமும் இருக்கிறது.

1998ஆம் ஆண்டின் தேசியப் புல்வெளி, வனத் தீச் சட்டம் நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பொருந்தும், நிலம் சின்னதா பெரிதா என்பதில்லை. தீ கிளம்பவோ பரவவோ வாய்ப்புள்ள நிலம் என்றால் எல்லையில் தீத்தடுப்புக் கோடு போட்டுப் பராமரிப்பது உரிமையாளரின் கடமை. தீ அபாயத்தை நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என ஐந்து நிறத்தில் அறிவிப்பார்கள். சிவப்பு நாளில் திறந்தவெளியில் எந்த நெருப்பும் கூடாது, பிராய் எனும் இறைச்சி சுடும் அடுப்பு உட்பட. வட்டாரத் தீப் பாதுகாப்புச் சங்கத்தில் சேருங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. உங்கள் நிலத்தில் கிளம்பிய தீ அடுத்தவருக்குச் சேதம் செய்து வழக்கு வந்தால், சங்க உறுப்பினர் இல்லாதவர் கவனக்குறைவாக இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லையென்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். உறுப்பினருக்கு அந்தச் சுமை இல்லை. காப்பீட்டு நிறுவனத்தோடு பேசும்போதும் இது உதவும்.

கோடு போடுவதற்குக் காலம் முக்கியம். பெரிய நிலக்காரர்கள் பிப்ரவரி, மார்ச்சில், புல் பச்சையாக இருக்கும்போதே இரண்டு மெல்லிய வரிகளைக் களைக்கொல்லி தெளித்தோ கொத்தியோ காய வைத்துவிடுவார்கள். பனி விழுந்த பிறகு, காற்றில்லாத மே, ஜூன் காலையில் அந்த இரண்டு வரிக்கும் நடுவே உள்ள பட்டையை எரிப்பார்கள். பக்கத்து நிலக்காரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது சட்டம். எங்களைப் போன்ற சின்ன நிலத்துக்கு எரிப்பதைவிட வழித்து எடுப்பதே நல்லது. புல் வெட்டும் இயந்திரத்தால் அடித்துவிட்டு அப்படியே விட்டால் கோடு போட்டதாகாது, அடித்த புல்லும் எரியும்தான். வாரி வெளியே எடுக்க வேண்டும். ஆகஸ்டில் நினைவு வந்து எரிக்கக் கிளம்புகிறவர்கள்தான் ஊரையே கொளுத்துகிறார்கள். அந்த மாதத்தில் வெல்டிங், கிரைண்டர், கல்லுள்ள இடத்தில் புல்வெட்டி, எல்லாமே காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டிய வேலை. இரும்புப் பொறி போதும்.

இதைச் சொல்லும்போது தீயே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்தப் புல்வெளி தீயோடு வளர்ந்தது. சில வருடத்துக்கு ஒரு முறை எரியாவிட்டால் பழைய புல் அடைத்துக்கொண்டு புதிய தளிர் வராது, கடைசியில் எரியும்போது பயங்கரமாக எரியும். யார், எப்போது, எந்தக் காற்றில் கொளுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் வழிபாட்டுக் காலமும் இங்கே வந்து சேர்கிறது. ஆடி மாதம் என்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இந்த நாட்டுத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக விடாமல் செய்கிறார்கள், பாரிஜ் பிரேயர் என்று பேர். பெரிய அண்டாவில், விறகடுப்பில், வெளியில்தான் காய்ச்சுவார்கள். அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வராது, சொல்லவும் மாட்டேன். அடுப்பை மணல் பரப்பிய தரையில் வையுங்கள், மூன்று பக்கம் தகரம் நிறுத்துங்கள், விடியலில் ஆரம்பித்துக் காற்று எழும்புமுன் முடித்துவிடுங்கள், கையில் ஹோஸ் பைப்போடு ஒருவர் அங்கேயே நிற்கட்டும். சாம்பலைக் குப்பைத் தொட்டியில் கொட்டாதீர்கள். அது இரண்டு மூன்று நாள் கனலை வைத்திருக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, குழியில் போட்டு மண் மூடுங்கள். சூடம் கொளுத்தும் தட்டுக்கும் இதேதான். சிவப்பு நாளாக இருந்தால் கேஸ் அடுப்பில் வீட்டுக்குள் காய்ச்சிய கூழை அம்மன் வேண்டாம் என்று சொல்லமாட்டாள்.

காவலுக்கும் வேலைக்கும் வருகிறவர்கள் குளிருக்குத் தகர டின்னில் ஓட்டை போட்டுக் கரி எரிப்பார்கள், இம்பவுலா என்று பெயர். அதை அறைக்குள் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திப் படுத்தால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கொன்றுவிடும். ஒவ்வொரு குளிர்காலமும் இப்படிச் சாவு நடக்கிறது. நம் நிலத்தில் தங்குகிறவருக்குக் கனமான கம்பளியும் பாதுகாப்பான ஹீட்டரும் கொடுப்பது நம் பொறுப்பு. இதில் கஞ்சத்தனம் காட்டும் வீடுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஊர்ச் செடிகளைப் பற்றி நிறையக் கேட்பார்கள். கறிவேப்பிலையைத் தரையில் வைக்காமல் பெரிய தொட்டியில் வைத்து, மே மாதம் வடக்குப் பார்த்த சுவரோரம் நகர்த்திவிடுங்கள். இது தென்கோளம், குளிர்கால வெயில் வடக்கிலிருந்து வரும், சுவர் வாங்கிய சூடு இரவில் செடிக்கு. முருங்கை பனியில் மேலே செத்துவிடும், அடியில் மண்ணைக் குவித்து மூடினால் வசந்தத்தில் துளிர்க்கும். வைக்கோலால் மூடாதீர்கள், ஏற்கெனவே சொன்ன காரணம்தான். மாமரம் இங்கே பெரும் பாடு, நான் விட்டுவிட்டேன். கருகிய கிளையை உடனே வெட்டாதீர்கள், கருகிய இலை உள்ளே இருக்கும் தளிருக்குப் போர்வை. பனி முழுக்கப் போன பிறகு எங்கே துளிர்க்கிறது என்று பார்த்து வெட்டலாம். பீச், பிளம், ஆப்ரிகாட் இந்த மண்ணுக்கு ஏற்றவை. இங்கிருந்து பக்கத்தில், லாலி அருகே, 1910இல் நண்பர் காலன்பாக் கொடுத்த நிலத்தில் காந்தி டால்ஸ்டாய் பண்ணையை நடத்தியபோது அங்கே பழமரங்கள் நிறைய இருந்தன. சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே தங்கி உழைத்தன. இதே காற்று, இதே பனி. லெனேசியா பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும்.

நாற்று விஷயத்தில் மட்டும் பேராசை கூடாது. ஆகஸ்ட் கடைசியில் பகல் சூடேறியதும் தக்காளி, வெண்டை, கத்தரி நாற்றுகள் கடையில் வந்துவிடும். எங்கள் பக்கம் கடைசி உறைபனி பெரும்பாலும் ஆகஸ்ட் இறுதிக்கும் செப்டம்பர் நடுவுக்கும் இடையில், சில வருடம் அதற்கும் பிறகு. 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் வான் ரீனன் கணவாயில் பனிமழையே கொட்டி, ஜோகனஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகும் என்3 நெடுஞ்சாலையே அடைபட்டது. வண்டிகள் நூற்றுக்கணக்கில் ராத்திரி முழுக்கச் சிக்கிக்கிடந்தன. பாரம்பரிய தின விடுமுறைக்கு டர்பனில் சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள், செப்டம்பர்தானே என்று எண்ணாமல் வண்டியில் போர்வை, தண்ணீர், சாப்பாடு, நிறைந்த டேங்க் பெட்ரோலோடு போங்கள்.

அவசர எண்களை வீட்டில் எல்லோருக்கும், வேலையாட்களுக்கும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்: 10177, செல்போனிலிருந்து 112. அதைவிட முக்கியம் பக்கத்து நிலக்காரர்களின் எண்கள். எங்கள் தெருவில் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் பூவும் வணக்கமும் அனுப்பக் கூடாது என்று கண்டிப்பு, புகை, காற்று, பாம்பு மட்டும்தான். மின்கம்பி எரிந்தால் போர் மோட்டார் ஓடாது, ஆகவே ஜோஜோ எனும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பெட்ரோல் பம்பால் நேராக இழுக்கும்படி குழாய் பொருத்தியிருக்கிறோம். பக்கத்து வீட்டு ஹோஸும் எங்கள் ஹோஸும் ஒரே அளவு இணைப்பில் மாட்டும்படி பேசி வாங்கினோம். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அந்த நாளில் எங்கள் தொட்டித் தண்ணீரை அங்கிளின் பம்பு இழுத்தது இதனால்தான்.

காவலை எப்போது விடலாம்? முதல் இடி கேட்டதும் இல்லை. செப்டம்பர் கடைசியில், அக்டோபரில் வரும் முதல் மேகங்கள் பல நேரம் மின்னலை மட்டும் இறக்கிவிட்டு மழையை எங்கேயோ கொண்டுபோய்விடும், அந்த மின்னலிலேயே தீ கிளம்பும். ஒரு நல்ல மழை பெய்து, ஒரு வாரம் கழித்து இன்னொன்றும் பெய்து, பழைய புல்லைக் கையால் விலக்கினால் அடியில் விரல் உயரத்துக்குப் பச்சை தெரிய வேண்டும். அதுவரை பக்கியிலிருந்து தொட்டியை நாங்கள் இறக்குவதில்லை. இறக்கிய அன்றைக்கே வெண்டை விதை ஊறப் போட்டுவிடுவேன்.